இயந்திரத்தின் கைக்குப் பின்னால் யாருடைய கை?
படம் கீறும் பொறிகளும் ஓவியர்களும்: ஒரு வரலாற்று நோக்கு

சுவிற்சர்லாந்தின் நொய்ஷாட்டல் நகர நூதனசாலையில் மரத்தாலான சிறுவனொருவன் மேசை முன் அமர்ந்திருக்கிறான். கையில் பென்சில். விசையை முடுக்கிவிட்டால் கடதாசியில் படம் கீறத் தொடங்குவான். இடையில் கையை நிறுத்தி, குனிந்து, கடதாசியிலுள்ள பென்சில் தூளை வாயால் ஊதுவான். பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடர்வான். கடிகாரம் செய்யும் ஜாக்கே-துரோஸ் குடும்பத்தார் 1768ஆம் ஆண்டுக்கும் 1774ஆம் ஆண்டுக்கும் இடையில் உருவாக்கிய மூன்று பொம்மைகளுள் இவனும் ஒருவன். இரண்டரை நூற்றாண்டுகள் கடந்தும் இன்னும் இயங்குகிறான்.

இச்சிறுவனுக்கு நான்கு படங்கள் மட்டுமே தெரியும். பதினைந்தாம் லூயி மன்னரின் முகம், ஓர் அரச தம்பதியர், ஒரு நாய், வண்ணத்துப்பூச்சி இழுக்கும் தேரில் செல்லும் ஒரு சிறுவன் என்பனவே அவை. அவனுடைய உடலுக்குள் உலோகத் தட்டுகள் சுழல்கின்றன. அத்தட்டுகளின் விளிம்பிலுள்ள மேடு பள்ளங்களே கையை இடம் வலமாகவும் முன் பின்னாகவும் நகர்த்துகின்றன, பென்சிலைத் தூக்கவும் வைக்கவும் செய்கின்றன. ஆகவே இப்படங்களை உண்மையில் கீறியவர், அத்தட்டுகளைச் செதுக்கிய கைவினைஞர்தான். பொம்மை அவருடைய கையைத் திருப்பிக் காட்டுகிறது, அவ்வளவே.

இப்பொம்மையைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு எங்கள் பாடசாலையில் நடந்த ஒரு சிறு சம்பவமே காரணம். மாணவர் சித்திரப் போட்டிக்கு எட்டாம் ஆண்டு மாணவனொருவன் கடற்கரைக் காட்சியொன்றைக் கொண்டுவந்து தந்தான். தோணியும் தென்னையும் மாலை வெயிலும் பார்ப்போரை வியக்கவைக்கும் அழகோடு இருந்தன. "இதை நீதான் கீறினதா மகன்?" என்று கேட்டேன். அவன் மறைக்கவில்லை. "இல்ல சேர், நான் சொன்னன், போன் கீறித் தந்திச்சி" என்றான். பக்கத்திலிருந்த மாணவி உடனே, "அப்ப போனுக்கு யாரு சேர் கீறப் படிச்சுக் குடுத்த?" என்று கேட்டாள். அன்று அவளுக்குச் சரியான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலைத் தேடிய முயற்சியே.

ஒருவர் தன்னையே கற்பித்தார்

இயந்திரத்துக்குப் படம் கீறக் கற்பித்தோருள் முதலிடத்தில் வைத்து நோக்கத்தக்கவர் ஹரோல்ட் கோஹன். 1928இல் இலண்டனில் பிறந்த இவர், ஸ்லேட் கலைப் பாடசாலையில் பயின்று, 1966ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கலைக் கண்காட்சியில் பிரித்தானியாவின் சார்பில் பங்குபற்றியவர்களுள் ஒருவராக இருந்தார். அதாவது, கணினியைத் தொடுவதற்கு முன்னரே பேர்பெற்ற ஓவியர்.

அக்காலத்தில் கணினி ஓவியம் முற்றிலும் புதியதொன்றல்ல. 1965இல் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கேயோர்க் நேஸ் என்பவரின் கணினி வரைபடங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1968இல் இலண்டனில் யாசியா ரைஹார்ட் ஒழுங்குசெய்த கண்காட்சி, கணினியும் கலையும் சந்திக்கும் இடத்தைப் பெருந்திரளான மக்களுக்குக் காட்டியது. எனினும் அவற்றுட் பெரும்பாலானவை கோடுகளும் சதுரங்களும் கணித வடிவங்களுமே. கோஹனின் கேள்வி வேறாக இருந்தது. ஒரு கோட்டைப் பார்த்து, "இது ஏதோ ஒன்றின் உருவம்" என்று மனித மனம் ஏன் கருதுகிறது? அவ்வாறு கருதவைக்க ஆகக் குறைந்தது என்ன வேண்டும்?

1968இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்துக்குச் சென்ற அவர், அங்கு கணினி மொழியைக் கற்றார். 1970களின் முற்பகுதியில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் விருந்தினர் ஆய்வாளராக இருந்தார். அக்காலத்திலேயே கலிபோர்னியாவின் சல்ஃபன்ட் பள்ளத்தாக்கில் ஆதிக்குடிகள் பாறையில் செதுக்கிய குறிகளைக் கண்டார். அக்குறிகளின் பொருள் இன்று யாருக்கும் தெரியாது. எனினும் அவை யாரோ ஒருவர் எதையோ சொல்ல முயன்றவை என்பது பார்த்தவுடன் புலப்படுகிறது. இந்த அனுபவமே அவர் பின்னர் "ஆரன்" எனப் பெயரிட்ட நிரலுக்கு வித்திட்டது.

ஆரன் எவ்வாறு இயங்கியது என்பதைச் சற்று விரிவாக நோக்குவது அவசியம். அதற்குக் கண்ணில்லை. எந்தப் படத்தையும் அது பார்த்ததில்லை. கோஹன் அதற்கு விதிகளை மட்டுமே எழுதிக் கொடுத்தார். மூடிய வடிவம் எது, திறந்த வடிவம் எது, உள்ளே என்றால் என்ன, வெளியே என்றால் என்ன, ஒரு வடிவம் முன்னால் நின்றால் மற்றதை எங்கே நிறுத்த வேண்டும் என்பன போன்ற விதிகள் அவை. கோடொன்றை இழுத்துக்கொண்டு போகும்போது, தான் எங்கே நிற்கிறது, எங்கே போகவேண்டும் என்று ஆரன் அடிக்கடி சரிபார்த்துக்கொள்ளும். அதனால் அதன் கோடு அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் விறைப்பாக இராமல், மனிதக் கை இழுத்த கோடுபோல் சற்றே தளும்பும். எந்த விதியை எப்போது கையாள்வது என்பதில் தற்செயலுக்கும் இடம் இருந்ததால் ஒரு படம்போல் இன்னொரு படம் அமைவதில்லை.

1979இல் சான் பிரான்சிஸ்கோ நவீன கலை நூதனசாலையில், ஆமையைப் போன்ற சிறு இயந்திரமொன்று தரையில் விரித்த கடதாசியின்மேல் ஊர்ந்து ஊர்ந்து ஆரனின் படங்களைக் கீறியது. 1983இல் இலண்டன் டேட் கலைக்கூடத்திலும் ஆரன் பார்வையாளர் முன்னிலையில் படம் கீறியது. 1980களின் நடுப்பகுதியில் செடிகளும் மனித உருவங்களும் அதன் படங்களில் தோன்றின. மனித உடலின் பாகங்கள் எவை, மூட்டு எங்கே மடியும், செடி எவ்வாறு கிளைவிடும் என்பனவற்றையெல்லாம் கோஹன் ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்ததன் விளைவு இது.

நிறந்தான் அவரை நீண்ட காலம் அலைக்கழித்தது. ஆரன் கோடிட, கோஹன் தம் கையால் நிறந்தீட்டிவந்தார். கண்ணில்லாத ஒன்றுக்கு நிறத்தை எவ்வாறு சொல்லிக்கொடுப்பது? ஓவியர் ஒரு நிறத்தை வைத்துப் பார்த்துத் திருத்துகிறார். ஆரனால் பார்த்துத் திருத்த முடியாது. ஆகவே நிறங்களின் வெளிச்சம், அடர்த்தி, ஒன்றோடொன்றுள்ள இடைவெளி ஆகியவற்றை விதிகளாக்க அவருக்கு ஆண்டுகள் பல பிடித்தன. 1995இல் பொஸ்டன் கணினி நூதனசாலையில், சாயங்களைத் தானே கலந்து, தூரிகையால் தீட்டும் இயந்திரத்தை அவர் காட்சிக்கு வைத்தார். ஆனால் அதன் பின்னர் நடந்ததே நம் கவனத்துக்குரியது. பார்வையாளர் படத்தை விட்டுவிட்டு இயந்திரத்தையே வேடிக்கை பார்த்தனர். கோஹன் அவ்வியந்திரத்தை ஒதுக்கிவைத்தார். தம் இறுதிக் காலத்தில் ஆரன் கீறிய கோடுகளின்மேல் மீண்டும் தம் கையாலேயே நிறந்தீட்டத் தொடங்கினார்.

தாம் இறந்த பிறகும் தம்முடைய புதிய படங்களுக்குக் கண்காட்சி வைக்கக்கூடிய ஒரே ஓவியர் தாமே என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 2016 ஏப்ரலில் அவர் காலமானார். 2024இல் நியூயோர்க் விட்னி நூதனசாலை ஆரனை மீண்டும் இயக்கிக் காட்டியது. வேடிக்கைப் பேச்சு உண்மையாயிற்று. ஆனால் அந்தப் படங்களைப் பார்த்த எவருக்கும் அவை யாருடையவை என்ற ஐயம் எழ நியாயமில்லை. நொய்ஷாட்டல் பொம்மையில் இருந்தவை நான்கு படங்கள். ஆரனில் இருந்தது நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் ஓர் ஓவியர் தம்மைத் தாமே விசாரித்துப் பெற்ற அறிவு. இரண்டிலும், இயந்திரத்தின் கைக்குப் பின்னால் நின்ற கை எது என்பது தெரிந்திருந்தது.

பார்த்துப் படிக்கும் இயந்திரம்

2014ஆம் ஆண்டில் வழி மாறியது. இயன் குட்ஃபெலோ என்னும் ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் இரண்டு செயற்கை வலையமைப்புகளை எதிரெதிரே நிறுத்தும் முறையொன்றை வெளியிட்டனர். ஒன்று படத்தை உருவாக்கும். மற்றது, அது உண்மையான படமா போலியா என்று பிடிக்க முயலும். பிடிபடப் பிடிபட முதலாவது தன்னைத் திருத்திக்கொள்ளும். இங்கு யாரும் விதி எழுதிக் கொடுப்பதில்லை. ஆயிரமாயிரம் படங்களைக் காட்டினால் போதும், அவற்றில் பொதுவாக உள்ளவற்றை இயந்திரமே பிடித்துக்கொள்ளும். ஓவியனின் அறிவு இருந்த இடத்தில் இப்போது ஓவியங்களின் குவியல் வந்து அமர்ந்தது.

இம்மாற்றத்தின் சிக்கலை உலகுக்கு உணர்த்தியது ஓர் ஏலவிற்பனை. 2018 ஒக்டோபர் 25ஆம் திகதி நியூயோர்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் "எட்மண்ட் த பெலாமி" என்ற ஓர் உருவப்படத்தை ஏலத்தில் விட்டது. 7,000 முதல் 10,000 டொலர் வரை போகும் என்று மதிப்பிடப்பட்ட அப்படம் 432,500 டொலருக்கு விற்கப்பட்டது. பரிஸ் நகரத்து இளைஞர் மூவர் அடங்கிய "ஒப்வியஸ்" என்னும் குழு அதனை உருவாக்கியிருந்தது. ஓவியர் கையொப்பமிடும் மூலையில் பெயருக்குப் பதில் ஒரு கணிதச் சூத்திரம் இருந்தது.

ஆனால் அந்த முகம் எங்கிருந்து வந்தது? பதினான்காம் நூற்றாண்டு முதல் இருபதாம் நூற்றாண்டு வரையிலான ஏறத்தாழ 15,000 உருவப்படங்களிலிருந்து. அதற்குப் பயன்பட்ட நிரலின் பெரும்பகுதியோ, ரொபி பராட் என்னும் பத்தொன்பது வயது அமெரிக்க இளைஞர் யாவரும் பயன்படுத்தட்டும் என்று முன்னரே இணையத்தில் இட்டிருந்தது. கையொப்பமாகச் சூத்திரத்தை இட்டவர்கள், இயந்திரமே கலைஞன் என்று சொன்னார்கள். உண்மையில் அச்சூத்திரத்தின் பின்னால் பெயருள்ள மனிதர் பலர் இருந்தனர். இயந்திரத்தைக் கலைஞன் என்று அழைப்பது சில வேளைகளில் மனிதரை மறைப்பதற்கு வசதியான வழியாகிவிடுகிறது என்பதை அந்த ஏலம் காட்டிற்று எனலாம்.

அதே 2018இல் இலண்டனைச் சேர்ந்த அனா ரிட்லர் இதற்கு நேர்மாறான பாதையைத் தேர்ந்தார். நெதர்லாந்தில் துலிப் மலர்ப் பருவத்தில் தங்கி, பத்தாயிரம் மலர்களைத் தாமே புகைப்படமெடுத்தார். ஒவ்வொரு படத்தின் கீழும் அம்மலரின் நிறம், வகை, கோடு உண்டா இல்லையா என்பனவற்றைத் தம் கையெழுத்தால் எழுதினார். பின்னர் அப்படங்களைக் கொண்டே இயந்திரத்தைப் பழக்கி, பிட்கொயின் விலை ஏறி இறங்குவதற்கேற்ப மலர்களின் கோடுகள் மாறும் காணொளியொன்றைப் படைத்தார். பதினேழாம் நூற்றாண்டில் அந்நாட்டு மக்கள் துலிப் கிழங்குக்குப் பித்துப்பிடித்துப் பணத்தைக் கொட்டிய வரலாற்றை அது நினைவூட்டியது. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பத்தாயிரம் படங்களையும் அவர் சுவரில் ஒட்டிக் காட்சிக்கு வைத்தார். "இயந்திரம் பார்த்துப் படித்தவை" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒன்றின் பின்னால் எவ்வளவு மனித உழைப்பு கிடக்கிறது என்பதைக் கண்ணால் அளக்கச்செய்தார்.

கனடாவில் வளர்ந்த சூக்வென் சங் என்னும் ஓவியரும் இவ்வழியிலேயே சென்றார். தாம் ஆண்டுக்கணக்காகக் கீறிய கோடுகளைக் காட்டி ஓர் இயந்திரக் கரத்தைப் பழக்கினார். பார்வையாளர் முன்னிலையில் அவரும் அக்கரமும் ஒரே கடதாசியில் சேர்ந்து கீறுவர். கோஹனின் மரபு இவர்களிடம் அறுந்துபோகவில்லை. கற்பிக்கும் முறைதான் மாறியது, கற்பித்தவர் அவரவரே.

2022: கேட்காமல் எடுத்த பாடம்

2022ஆம் ஆண்டு டால்-ஈ 2, மிட்ஜேர்னி, ஸ்டேபிள் டிஃபியூஷன் என்னும் கருவிகள் அடுத்தடுத்துப் பொதுமக்கள் கைக்கு வந்தன. இவை இயங்கும் முறை வேறு. ஒரு படத்தின்மேல் சிறிது சிறிதாகப் புள்ளிகளைத் தூவி, ஒன்றுமே தெரியாத புழுதியாக்கிவிட்டு, அப்புழுதியிலிருந்து படத்தை எவ்வாறு மீட்பது என்று இயந்திரத்தைப் பழக்குகிறார்கள். நன்கு பழகிய பின்னர் வெறும் புழுதியைக் கொடுத்து, "மாலை வெயிலில் தோணி" என்று எழுதினால், அப்புழுதிக்குள் தோணியொன்றைக் கண்டெடுத்துத் தருகிறது. எங்கள் மாணவனின் கடற்கரையும் இவ்வாறே பிறந்திருக்க வேண்டும்.

இதற்கு வேண்டிய படங்களின் தொகை மலைக்கவைப்பது. 2022இல் வெளியான லயோன் என்னும் தொகுப்பில் 585 கோடி படங்களின் இணைய முகவரிகளும் அவற்றுக்குரிய விளக்கச் சொற்களும் இருந்தன. ஸ்டேபிள் டிஃபியூஷன் பழகியது இத்தொகுப்பின் பகுதிகளைக் கொண்டே. ஓவியர்கள் தம் தொழிலுக்காகவும் வாடிக்கையாளர் பார்வைக்காகவும் இணையத்தில் இட்ட படங்கள் அதற்குள் அடங்கின. ஒருவரிடமும் கேட்கப்படவில்லை.

போலந்து நாட்டு ஓவியர் கிரெக் ருட்கொவ்ஸ்கி, பறவைநாகங்களும் கோட்டைகளும் நிறைந்த கற்பனைக் காட்சிகளைத் தீட்டுபவர். "அவருடைய பாணியில்" என்று கருவியிடம் கேட்போர் தொகை பெருகியது. 2022 செப்டம்பரில் வெளியான கணக்கொன்றின்படி ஏறத்தாழ 93,000 தடவைகள் அவருடைய பெயர் அவ்வாறு பயன்பட்டிருந்தது. தம் பெயரை இணையத்தில் தேடினால் தாம் கீறாத படங்கள் வருகின்றன என்று அவர் முறையிட்டார். ஓர் ஓவியனுக்குப் பெயர் என்பது அவன் ஆயுளின் சம்பாத்தியம். அது அவனுக்கே எதிராகத் திரும்பிய விபரீதம் இது.

"மனித ஓவியனும் பிறர் படங்களைப் பார்த்துத்தானே பழகுகிறான்? இயந்திரம் பார்த்தால் மட்டும் குற்றமா?" என்று இக்கருவிகளை ஆதரிப்போர் கேட்கின்றனர். இக்கேள்வியை எளிதில் தட்டிவிட முடியாது. பார்த்துப் பார்த்துப் போலச் செய்வதே கலைக்கல்வியின் தொடக்கம் என்பது ஆசிரியத் தொழிலிலுள்ள எவரும் அறிந்ததே. ஆயினும் பார்த்துச் செய்வதற்கும் ஓர் ஒழுங்கு இருந்திருக்கிறது. உதுமானியர் காலத்து அரபு எழுத்தணிக் கலையை எண்ணிப் பார்க்கலாம். மாணவன் ஆண்டுக்கணக்காக உஸ்தாதின் எழுத்தைப் பார்த்தே எழுதுவான். அவனுடைய கை தேறிவிட்டது என்று உஸ்தாத் இஜாஸா வழங்கிய பின்னரே தன் எழுத்தின் கீழ்த் தன் பெயரை இடும் உரிமை அவனுக்குக் கிடைக்கும். அங்கே போலச் செய்தல் இருந்தது. கூடவே, கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே முகமறிந்த உறவும் அனுமதியும் இருந்தன. மேலும், ஒரு மாணவன் ஓர் ஆயுளில் பார்க்கும் படங்களும் எழுதும் எழுத்தும் அளவுக்குட்பட்டவை. 585 கோடியும் ஒரு நொடியில் ஒரு படமும் என்னும்போது அது அளவில் மட்டுமன்றித் தன்மையிலும் வேறாகிவிடுகிறது.

எதிர்வினைகள் பல

ஓவியர்களின் எதிர்வினை ஒரே விதமாக அமையவில்லை. சிலர் நீதிமன்றத்தை நாடினர். 2023 ஜனவரியில் கார்லா ஒர்ட்டிஸ், சாரா அண்டர்சன், கெலி மக்கேர்னன் ஆகிய மூன்று ஓவியர்கள் அமெரிக்காவில் இக்கருவிகளின் நிறுவனங்களுக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். 2024 ஓகஸ்டில் நீதிபதி, பதிப்புரிமை தொடர்பான முறைப்பாடுகள் மேற்கொண்டு விசாரிக்கப்படத்தக்கவை என்று தீர்மானித்தார். இங்கிலாந்தில் இத்தகைய இன்னொரு வழக்கில் 2025 நவம்பரில் வழங்கப்பட்ட தீர்ப்பு பெரும்பாலும் நிறுவனத்துக்கே சாதகமாயிற்று. பழகிய இயந்திரத்துக்குள் படங்களின் பிரதிகள் சேமிக்கப்பட்டிருக்கவில்லை என்பது அங்கு கூறப்பட்ட காரணம். மறுபுறம், மனிதர் எவரும் இன்றி இயந்திரம் மட்டுமே ஆக்கிய படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதை அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. இயந்திரம் படத்துக்குச் சொந்தக்காரன் அல்ல என்பது தெளிவாயிற்று. இயந்திரம் படித்த பாடத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதில் நாட்டுக்கு நாடு வழக்குகள் வேறுவேறு திசையில் செல்கின்றன.

வேறு சிலர் தற்காப்பை நாடினர். சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பென் ஸாவோவின் குழு 2023இல் "கிளேஸ்" என்ற கருவியை வெளியிட்டது. ஓவியத்தை இணையத்தில் இடுமுன் அதன்மேல் மனிதக் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத மாற்றங்களைச் செய்தால், இயந்திரம் அதன் பாணியைத் தவறாக விளங்கிக்கொள்ளும். 2024 ஜனவரியில் அதே குழு வெளியிட்ட "நைட்ஷேட்" இன்னும் கடுமையானது. கேட்காமல் எடுத்தவன் வயிற்றைக் கலக்கும் மருந்துபோல, அது இயந்திரத்தின் படிப்பையே குழப்பிவிடக்கூடியது.

இன்னுஞ் சிலர் போட்டி மேடைகளையே கேள்விக்களமாக்கினர். ஜேர்மன் புகைப்படக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், 2023இல் பேர்பெற்ற உலகப் புகைப்படப் போட்டியொன்றில் தமக்குக் கிடைத்த பரிசை ஏற்க மறுத்தார். அப்படம் செயற்கை நுண்ணறிவால் ஆனது என்றும், போட்டிகள் இதற்கு ஆயத்தமாக உள்ளனவா என்று அறியவே அனுப்பியதாகவும் கூறினார். மறுவருடம் மைல்ஸ் அஸ்ட்ரே என்னும் புகைப்படக் கலைஞர் இதைத் தலைகீழாகச் செய்தார். தலையை உடலுக்குள் புதைத்துக்கொண்ட பூநாரையொன்றின் உண்மையான புகைப்படத்தைச் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு அனுப்பிப் பரிசும் வென்றார். உண்மை தெரிந்ததும் அப்படம் நீக்கப்பட்டது. இயற்கை படைத்த விநோதத்தை மனிதன் கற்பனைசெய்ய முடியாது என்பதை நடுவர்களே தம்மையறியாமல் ஒப்புக்கொண்டதாகிவிட்டது.

நம்மை எவ்வாறு காட்டுகிறது?

இதுவரை சொன்னவை ஓவியரின் தொழிலையும் பெயரையும் பற்றியவை. இதைவிட ஆழமான ஒரு கேள்வியும் உண்டு. இயந்திரம் பழைய படங்களைப் பார்த்தே பழகுகிறதெனில், பழைய படங்களிலுள்ள பார்வையையும் சேர்த்தே பழகும் அன்றோ?

2019இல் கலைஞர் ட்ரெவர் பக்லனும் ஆய்வாளர் கேட் க்ரோஃபோர்டும் சேர்ந்து இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தனர். இயந்திரங்களுக்குப் பார்வை கற்பிக்க உலகெங்கும் பயன்பட்ட "இமேஜ்நெட்" என்னும் தொகுப்பில், மனிதரின் புகைப்படங்களுக்கு எத்தகைய பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன என்பதை அவர்கள் ஒரு கலைப்படைப்பாக்கினர். தம் முகத்தை அதற்குக் காட்டியவர்களுள் பலருக்கு இழிவான இனப்பெயர்களும் குற்றவாளிப் பெயர்களும் விடையாகக் கிடைத்தன. அதைத் தொடர்ந்து அத்தொகுப்பின் பொறுப்பாளர்கள் மனிதரைப் பற்றிய ஆறு இலட்சம் படங்களை நீக்குவதாக அறிவித்தனர்.

சவூதி அரேபியாவில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரியும் நூஃப் அல்ஜுவைஸிரின் "ஸலஃப்" என்னும் படைப்பு எம்மனோருக்கு மேலும் நெருக்கமானது. தம் முன்னோரின் முகங்களைத் தேடிச் சென்ற அவருக்குக் கிடைத்தவை, ஐரோப்பியப் பயணிகள் தம் கற்பனைக்கேற்ப அரபு மக்களை நிறுத்தி எடுத்த பழைய புகைப்படங்களே. அப்படங்களிலிருந்த மனித உருவங்களை இயந்திரத்தைக் கொண்டே அவர் அழித்தார். உருவம் இருந்த இடத்தில் வெறுமை நின்றது. பின்னர் அவ்வெறுமைப் படங்களைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்கினார். அது உருவாக்கிய படங்களிலும் ஆட்கள் இல்லை, ஆள் இருந்த தடம் மட்டுமே உண்டு. பிறர் எடுத்த படத்தில் நாம் இருக்கிறோமா, அன்றிப் பிறர் நினைப்பு இருக்கிறதா என்று அவ்வெறுமை கேட்கிறது.

ஈரானில் பிறந்த மோரெஹ்ஷின் அல்லாஹ்யாரி இன்னொரு வகையில் வரலாற்றுக்குத் திரும்பினார். பாரசீக இலக்கியத்தில் "மதிமுகம்" என்ற வருணனை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வழங்கியது. கஜார் மன்னர் காலத்தின் தொடக்க ஓவியங்களிலும் இரு பாலாரின் முக அழகு ஒன்றுபோலவே தீட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியச் செல்வாக்கால் அது மாறியது. அல்லாஹ்யாரி 2022இல் கஜார் ஓவியங்களைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்கி, மறைந்துபோன அந்த மதிமுகங்களை மீண்டும் உருவாக்கினார். அழித்தவர் ஒருவர், மீட்டவர் ஒருவர். ஆனால் இருவருமே இயந்திரத்துக்கு எதைக் காட்டுவது என்ற தீர்மானத்தைத் தம் கையில் வைத்திருந்தனர்.

அனுமதி என்னும் அத்திபாரம்

எல்லா ஓவியரும் இக்கருவிகளை வெறுக்கிறார்கள் என்று கருதுவது தவறு. இஸ்தான்புல்லில் பிறந்த ரெஃபிக் அனடோல், நியூயோர்க் நவீன கலை நூதனசாலையின் ஒரு இலட்சத்து முப்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளின் தரவுகளைக் கொண்டு உருவாக்கிய பிரமாண்டமான அசையும் சித்திரம், 2022 நவம்பரில் அங்கு காட்சிக்கு வந்தது. மக்கள் திரண்டனர். வெறும் கண்கவர் அலங்காரம் என்று சாடிய விமர்சகர்களும் இருந்தனர். அதன் தரம் எதுவாயினும், அத்தரவுகளை நூதனசாலையே கொடுத்திருந்தது.

2024 ஒக்டோபரில் இலண்டன் சர்பன்டைன் கலைக்கூடத்தில் ஹொலி ஹேர்ன்டன், மட் ட்ரைஹேர்ஸ்ட் இருவரும் நடத்திய கண்காட்சி இதைவிட ஒரு படி முன்னேறியது. பிரித்தானியாவின் பதினைந்து பாடகர் குழுக்களை நேரிற் கண்டு, இதற்கென்றே ஆக்கிய பாடல்களைப் பாடவைத்துப் பதிவுசெய்தனர். அக்குரல்களைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்கினர். அப்பதிவுகளை எதிர்காலத்தில் யார், எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதில் பாடியவர்களுக்கும் பங்கிருக்கும் வகையில் ஒரு பொது ஏற்பாட்டையும் வகுத்தனர்.

2025 பெப்ரவரியில் கிறிஸ்டீஸ் நிறுவனம் செயற்கை நுண்ணறிவுக் கலைக்கென்றே தனி ஏலமொன்றை அறிவித்தபோது, அதை இரத்துச் செய்யுமாறு 6,000க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அனுமதியின்றிப் பிறர் படைப்பில் பழகிய கருவிகளால் ஆனவை பல அதில் உண்டு என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஏலம் நிற்கவில்லை. ஏழு இலட்சம் டொலருக்கு மேல் விற்பனையாயிற்று. அவ்வேலத்தில் ஹரோல்ட் கோஹனின் படைப்பும் இடம்பெற்றிருந்தது. எவர் படத்தையும் பாராத ஆரன், எல்லார் படத்தையும் பார்த்த இயந்திரங்களோடு ஒரே பட்டியலில் நின்றது. "செயற்கை நுண்ணறிவுக் கலை" என்ற ஒற்றைப் பெயர் எவ்வளவு வேறுபட்டவற்றை ஒன்றாகக் கட்டிவைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆகவே கருவியை வைத்தன்று, அக்கருவி படித்த வழியை வைத்தே ஒரு படைப்பை மதிப்பிட வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் அளவுகோல் என்று நான் கருதுகிறேன்.

எங்கள் பாடசாலைப் போட்டியில் அந்த மாணவனின் கடற்கரைப் படத்தை நான் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் அவனைக் கண்டிக்கவும் இல்லை. உண்மை பேசிய பிள்ளையைக் கண்டிப்பது எவ்வாறு? பக்கத்திலிருந்த மாணவியின் கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் உண்டு. போனுக்குக் கீறக் கற்றுக்கொடுத்தவர்கள் பெயர் தெரியாத இலட்சக்கணக்கான ஓவியர்கள், அவர்களுட் பெரும்பாலானோருக்குத் தாம் கற்றுக்கொடுத்ததே தெரியாது என்று அவளுக்குச் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்ப அவங்களுக்கிட்ட கேட்டிருக்கோணும்தானே சேர்" என்றாள்.

மாணவனுக்கு ஒரு வெள்ளைக் கடதாசியும் பென்சிலும் கொடுத்து, வகுப்பு யன்னலால் தெரியும் வேப்பமரத்தைப் பார்த்துக் கீறச் சொன்னேன். தண்டு சரிந்து, கிளைகள் ஒரு பக்கம் பாரித்து வந்தன. மூன்று தடவை அழித்தான். நான்காவது படத்தின் கீழ்த் தன் பெயரை எழுதித் தந்தான். அதைத்தான் போட்டிக்கு அனுப்பினோம்.